அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை

வெல்டிங் செய்த குழாய்களைக் கதிர்வீச்சால் படம் எடுத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. தொழிற்சாலையில் அவனுக்குப் படக்காரன் என்றே பெயர். "எங்களையும் ஒரு போட்டோ எடுப்பா" என்று வெல்டர்கள் வம்புக்கு இழுப்பார்கள். "எலும்புதான் தெரியும், பரவாயில்லையா?" என்பான்.

மகளுக்கு மூன்று வயதான பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. குழந்தை இன்னும் நடக்கவில்லை. ஒரு நாள் காலை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. அப்புறம் வாரம் தவறாமல் வலிப்பு. மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மரபணு டாக்டரம்மா முடிவைச் சொன்னபோது, பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலைக்குப் போகிற அவன் மனைவி ஒன்பது வாரக் கர்ப்பம்.

"பாப்பாவோட ஒரு மரபணுவில ஒரு சின்னத் துண்டு காணோம். இந்தக் குறை அப்பாகிட்டயும் இல்ல, அம்மாகிட்டயும் இல்ல. புதுசா வந்திருக்கு."

"புதுசான்னா, எங்கேர்ந்து டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

அவன் கேட்கவில்லை. எங்கிருந்து என்று தனக்குத் தெரியும் என்றே நினைத்தான்.

மகள் கருவாவதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு மதியம். கதிர்வீச்சை உமிழும் உலோகத் துண்டு பெட்டிக்குள் திரும்பாமல், அது போய்வரும் வளைகுழாயில் சிக்கிக்கொண்டது. விட்டு ஓடிப்போய்ப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. வேலை தாமதமானால் திட்டு விழும் என்று பயந்து, கிட்டப் போய், நெளிந்த குழாயைக் கையாலேயே நிமிர்த்தித் துண்டைப் பெட்டிக்குள் இழுத்துவிட்டான். உடம்பில் எவ்வளவு பட்டது என்று காட்டும் பேட்ஜ் வேனில் தொங்கிய சட்டையில் இருந்தது. அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போது அந்த மதியம் அவனைத் தின்றது. வேலை முடிந்து வந்ததும் இரண்டு தடவை குளித்தான். மகளைத் தூக்கத் தயங்கினான். பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்தான். உடம்பில் கதிர்வீச்சு ஒட்டிக்கொண்டு வராது என்று பயிற்சியில் படித்தவன்தான். படித்தது மண்டையில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது.

"என் மேல என்னங்க கோவம்?" என்று மனைவி கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்லம்மா. முதுகு வலி."

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் தனியாக டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"தப்புதான் பண்ணியிருக்கீங்க. ஆனா அதனாலதான் இப்படின்னு சொல்ல முடியாது. விந்தும் கருமுட்டையும் உருவாகும்போது உடம்பே தன் டிஎன்ஏவை நிறைய இடத்தில வெட்டும். தாத்தா வழி, பாட்டி வழி வந்ததைக் கலந்து கொடுக்கத்தான் அந்த வெட்டு. வெட்டினதை உடனே ஒட்டவும் செய்யும். கோடி தடவை சரியா ஒட்டும். எங்கயாவது ஒரு தடவை பிசகி ஒரு துண்டு விட்டுப்போகும்."

"யாரு வெட்டுல பிசகுச்சுன்னு தெரியுமா?"

"பார்க்கலாம். கொஞ்சம் நாளாகும்."

மூன்று வாரம் அவன் சோறு தின்றானோ இல்லையோ, போனைத் தின்றுவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிவு வந்தது. மாற்றம் விழுந்திருந்தது மகளுக்கு அம்மா வழியில் வந்த பாதியில்.

"பெண்ணுக்கு முட்டையில அந்த வெட்டெல்லாம், அவ தன் அம்மா வயித்துல இருக்கும்போதே நடந்து முடிஞ்சிடும். இது அப்பவே நடந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அவனுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. படி இறங்குவதற்குள் அதற்காகவே கூசிப்போனான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? நான்கு நாள் முடிவுத் தாளைச் சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தான். ஐந்தாம் நாள் டப்பா கழுவும்போது அவளே எடுத்துப் படித்துவிட்டாள்.

அந்த மதியத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?" என்றாள். பிறகு, "ஆனா நீங்க இத்தனை நாளா என்னைத் தனியா விட்டீங்களே, அது இப்ப நடந்ததுதானே?"

அன்று பாய் உள்ளறைக்குத் திரும்பியது.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியிடம் அந்தப் பழைய தவறை எழுதிக் கொடுத்தான். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அப்புறம் ஃபிலிமைப் படிக்கிற அறைக்கு மாற்றினார்கள்.

இதற்கு நடுவே, அதே குறை வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்றார் டாக்டரம்மா. தொண்ணூற்றொன்பது அவர்கள் கண்ணிலேயே படவில்லை. பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தார்கள். ஊசி இறங்கும்போது மனைவி அவன் விரலை நசுக்கிவிட்டாள். அந்த மாற்றம் இல்லை என்று பதில் வந்தது.

"அப்போ வேற எதுவும் இருக்காதுல்ல?" என்று கேட்டான்.

"எல்லாக் குழந்தையும் அம்பது, அறுபது புது மாற்றத்தோடதான் பிறக்குது. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. சத்தியம் மட்டும் என்கிட்ட கேட்காதீங்க."

பையன் அழுதுகொண்டே பிறந்தான். மூன்றாம் நாள் மதியம் தொட்டிலில் அவன் உடம்பு ஒரு துள்ளு துள்ளியது. மறுபடியும் ஒரு துள்ளல். படக்காரன், மகளுக்கு வலிப்பு வரும்போது செய்வதுபோல, கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ண ஆரம்பித்தான்.

மனைவி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள். மடியிலிருந்த மகள் அவள் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"விக்கல்ங்க" என்றாள்.

அவன் எண்ணுவதை நிறுத்தவில்லை.