வியாழக்கிழமைத் தண்ணீர்

1. பதினோராம் பக்கம்

அறிக்கையின் வரைவை என் மேஜைமேல் போட்டுவிட்டு ஜேக்கப் சார் சாயா குடிக்கப் போய்விட்டார். பதினோராம் பக்கத்தில் ஒரு பரிந்துரை. மட்டாஞ்சேரி வாய்க்காலைக் கெடுப்பது கரையோர வீடுகளின் கழிவுநீர், ஆகவே அந்த வரிசை வீடுகளை அங்கிருந்து அகற்றி வேறிடம் தர வேண்டும். அந்த வரிசையில் ஒரு வீடு விடாமல் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்பியவள் நான்.

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் அப்போது இரண்டு டீம். ஜேக்கப் சாரின் நீர் டீம் படகில் போய் சாம்பிள் எடுக்கும். DO மீட்டரை முக்கி, மீன் மூச்சுவிடும் அளவுக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்கும். சமூக டீம் வீடு வீடாகப் போகும். ஒரே மாடியில் எதிரெதிர் அறைகள், ஆனால் லிஃப்டில்தான் சந்திப்போம். என் அப்பா கொச்சி கார்ப்பரேஷன் தொழிலாளி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அந்த இரண்டு பாஷைக்காகவே என்னை ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டராக எடுத்தார்கள். நீர் டீம் எங்களைக் 'கதை டீம்' என்று கூப்பிடும்.

திரும்பி வந்த சாரிடம், "சார், அங்க எல்லா வீட்லயும் செப்டிக் டேங்க் இருக்கு. நான் பாத்திருக்கேன்" என்றேன்.

சார் தமிழையும் மலையாளத்தையும் கலந்துதான் என்னோடு பேசுவார். "டேங்க் உண்டு. லீக் இல்லேன்னு நீ பாத்தியோ? பாலத்துக்கிட்ட தண்ணி நல்லா இருக்கு. வீடுங்ககிட்ட வந்தா செத்துப் போவுது. நடுவுல வேற என்ன இருக்கு? கதை வேண்டா ராணி, டேட்டா தா."

கோபம் வந்தது. நேரே பீரோவைத் திறந்தேன்.

2. நான் செய்த தப்பு

பழைய கேள்வித்தாள்களை எல்லாம் இறக்கி முதலிலிருந்து படித்தேன். வாய்க்கால் கரையை எதற்கு, எந்தெந்த நாளில் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்வி. துணி காயப்போட என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். கூடவே, வியாழக்கிழமை மட்டும் கிடையாது என்றும். பக்கத்துக் கட்டத்தில் நான் ஒரே வார்த்தை எழுதியிருந்தேன்: நம்பிக்கை.

என் அம்மா செவ்வாய், வெள்ளியில் நகம் வெட்டவே விடமாட்டாள். அதே பழக்கத்தில், இதுவும் ஏதோ விரதம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இப்போது தாள்களை வரிசையாகப் பரப்பினால், முதல் வீடு ராவுத்தர் வீட்டு சுபைதா அக்கா, அடுத்தது மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகும் குடும்பம், அதற்கடுத்தது ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு வியாழக்கிழமை விரதமா! தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

சுபைதா அக்கா வாசலிலேயே மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க்கா வியாழக்கிழமை மட்டும் துணி காயப்போட மாட்டேங்கறீங்க?"

"நாத்தம்டீ. வளைவுக்கு அந்தப் பக்கம் எறா உரிக்கற ஷெட்டு இருக்குல்ல? வெள்ளிக்கிழம அவனுக்கு லீவு. அதனால வியாழன் மத்தியானம் மொத்த ஷெட்டையும் கழுவி இங்க தள்ளிவிடுவான். துணியில அந்த வாடை ஏறுச்சுன்னா போகவே போகாது."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

அக்கா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏன்னு கேட்டியா? எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டே."

அந்த வெட்கம் இன்னும் எனக்கு உண்டு. ஆனால் அங்கேயே இன்னொன்றும் உறைத்தது. நிறுவனத்துக்கு இருந்தது ஒரே படகு, அதை மூன்று புராஜெக்ட் பங்கு போட்டுக்கொண்டோம். நீர் டீமுக்குப் படகு கிடைத்தது வாரத்தில் ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை மத்தியானம்!

3. ஒரு வாரம், ஒரே படி

சாரிடம் போய் ஒரு வாரத்துக்கு மீட்டரைக் கேட்டேன். முறைத்தார், கொடுத்தார். கொடுத்தாரே, அதுதான் பெரிய மனசு.

வெள்ளிக்கிழமை தொடங்கி தினமும் மூன்று மணிக்கு சுபைதா அக்கா வீட்டுப் படியில் நின்று அளந்தேன். அன்று ஆக்சிஜன் கொஞ்சம் குறைவு. சனியிலிருந்து புதன் வரை, பிரமாதமான தண்ணீர் என்று சொல்லமாட்டேன், மீன் பிழைக்கிற தண்ணீர். வியாழனன்று சாரையே கூட்டிவந்தேன். மீட்டர் முந்தின நாட்களின் எண்ணையே காட்டியது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று ஷெட்டைக் கழுவாமல் விட்டால் என் கதி என்ன, அந்த வீடுகளின் கதி என்ன?

"இப்ப வரும் பாருங்க சார்," என்றார் அக்கா, கொடியிலிருந்த கடைசித் துண்டை உருவிக்கொண்டே.

முதலில் வாடை வந்தது. பின்னால் வெளுத்த நுரை. மீட்டரில் எண் இறங்க ஆரம்பித்தது, இறங்கிக்கொண்டே இருந்தது. சார் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கரையோடு வளைவுவரை நடந்தார். கல் பலகைக்கு அடியில் ஷெட்டின் குழாய்வாய், படகிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத இடத்தில். ஷூ முழுக்கச் சேற்றோடு திரும்பி வந்தார்.

"ராணி, இத்தனை மாசமா நம்ம ஒரே ஒரு நாள் தண்ணியத்தான் அளந்திருக்கோம்."

அடுத்து வீடுகளின் டேங்குகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இரண்டு டேங்க் கசிந்தது உண்மைதான். அதையும் மறைக்காமல் எழுதினோம்.

4. ஒரே தாளில்

புது அறிக்கையில் ஒரு வரைபடம் போட்டோம். மேலே ஆக்சிஜன் கோடு, அதன் கீழே அதே கிழமைகளில் கரையில் யார் என்ன செய்கிறார்கள் என்ற விவரம். அந்தத் தாளை நான்தான் தயார் செய்தேன். என் வேலைக்காலத்தில் நான் பெருமைப்படும் ஒரு தாள் உண்டென்றால் அதுதான். வீடுகளை மாற்றும் பரிந்துரை போனது. அந்த இடத்தில் ஷெட்டுக்கு சுத்திகரிப்புத் தொட்டி வேண்டும், இரண்டு டேங்கைப் பழுது பார்க்க வேண்டும் என்று வந்தது. இரண்டும் நடந்தன.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மீட்டர் சொல்லும். எப்போது, எங்கிருந்து என்று கரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஏன் என்று கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

அறிக்கை முடிந்த அன்று கரையில் ஒரு கூட்டம் போட்டோம். விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்று சார் ஒதுங்கி நின்றார். "இந்த வீடு உங்களோடதுதான், யாரும் போக வேண்டாம்" என்றேன்.

சுபைதா அக்கா முன்வரிசையிலிருந்து சத்தமாகச் சொன்னார்: "அது எங்களுக்கு எப்பவோ தெரியும். உங்க ஆபீசுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தது ஜேக்கப் சார்தான்.