ஹங்கேரிச் சம்பந்தியும் பீர் கிளாசும்

எம் பொண்ணு புடாபெஸ்ட்டுல வேலை பாக்கறா. அங்கயே ஒரு பையனைக் கட்டிக்கறேன்னா. பையனை முன்னமே பாத்தாச்சு, குறையில்ல. ஆனா குடும்பத்தைப் பாக்காம சரின்னு சொல்லமாட்டேன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். அதுக்காகவே பையனோட அப்பா கோயமுத்தூர் வந்தாரு, எம் பொண்ணு கூடவே.

தாய்மாமன் மொறைக்கு என் தம்பி அவிநாசியில இருந்து பீரோட வந்துட்டான். வெள்ளைக்காரங்கன்னா இதுதான்னு அவனுக்கு நெனப்பு. ஊத்திக் குடுத்து, "சியர்ஸுங்க"ன்னு தன் கிளாசை அவரு கிளாசுல டங்குன்னு இடிச்சான். மனுசனுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. கிளாசை அப்படியே மேசைமேல வெச்சுட்டாரு.

"ஏனுங்க, கோவிச்சுக்கிட்டீங்களா?"ன்னேன். அவரு சொன்னதை எம் பொண்ணு தமிழ்ல சொன்னா. அவங்க நாட்டை ஆஸ்திரியாக்காரன் ஆண்டப்போ, எதுத்து நின்ன தளபதிங்க பதிமூணு பேரை ஒரே நாள்ல கொன்னுபோட்டு, பீர் கிளாசை இடிச்சுக் கொண்டாடினாங்களாம். நூத்தம்பது வருசத்துக்குப் பீர் கிளாசை இடிக்கறதில்லைன்னு அன்னைக்குப் போட்ட சபதமாம்.

"கெடு இன்னும் இருக்குதா?"

"முடிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. இவருதான் விடல."

எனக்குக் கேள்வி மேல கேள்வி. யாரு போட்ட சபதம்? மீறினா என்ன பண்ணுவாங்க? நம்ம சங்ககிரிக் கோட்டையிலயுந்தான் வெள்ளைக்காரன் நம்மாளுங்களைத் தூக்குல போட்டான், அதுக்காக நாம எதை விட்டோம்? யோசிச்சா ஒண்ணையுங் காணோம். அவரு சிரிச்சாரு. கதையாக்கூட இருக்கலாம், எங்கப்பா இடிக்கல, அதனால நானும் இடிக்கறதில்லைன்னாரு.

ஆனா உள்ளுக்குள்ள பயம் வந்துருச்சு. பாட்டன் காலத்து அவமானத்தையே மறக்காதவரு, எம் பொண்ணு ஒரு தப்புச் செஞ்சா மறப்பாரா? கேட்டே போட்டேன். பொண்ணு மொறைச்சா. ஆனாலும் கேட்டதை அவருகிட்ட அப்படியே சொன்னா.

அவரு பீரைத் தள்ளி வெச்சுட்டு, நான் கொண்டாந்து வெச்ச மோர் டம்ளரை எடுத்து ஒரு வாய் சப்பிக் குடிச்சாரு. "சபதம் பீருக்கு மட்டுந்தான்"னு அந்த டம்ளரை என் பக்கம் நீட்டினாரு, இடிக்கச் சொல்லி.

எங்க ஊட்டுல அண்ணாந்து தூக்கித்தான் குடிப்போம். வாய் வெச்ச டம்ளர் எச்சில். பெத்த புள்ளைதுன்னாலும் என் டம்ளர்மேல படவிடமாட்டேன். தம்பி என்னையே பாத்தான். பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

என் மோர் டம்ளரை எடுத்து அவருதுல இடிச்சேன். அந்த மோரையே குடிச்சேன்.

"கல்யாணம் எங்கூர்லயா, உங்கூர்லயாங்க சம்பந்தி?"