பத்து மணி நிறுவைக்குப் பின் போட்ட வெற்றிலை

பாப்பம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பறித்த கொழுந்தை எடை போடும் பத்து மணி நிறுவை முடிந்திருந்தது. மலையோரம் கிடந்த கல்லில் உட்கார்ந்து, இடக்கையால் பாக்கைப் பிடித்து வலக்கையால் பாக்குவெட்டியை அழுத்தினாள். பாக்கு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியைத் தம்பி மனைவி சுந்தரியிடம் கொடுத்தாள். மற்றதைச் சீவி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, புகையிலை கிள்ளி வைத்து மடித்து இடது கன்னத்துக்குள் தள்ளிக்கொண்டாள். சுந்தரிக்குப் பல்வலி. பிறகு பார்க்கலாம் என்று தன் பங்கை மடியில் முடிந்துகொண்டாள்.

கண்டிப் பக்கம் பன்விலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கன்னம் உப்பியிருந்தால்தான் அது பாப்பம்மா. வெற்றிலையோடு பேசுவதால் அவள் சொல்வதில் பாதியை மற்றவர்கள் ஊகித்துத்தான் புரிந்துகொள்வார்கள். ஆனால் துப்புவதில் கெட்டிக்காரி. எச்சில் தேயிலைச் செடி நிரையைத் தாண்டி வாய்க்காலில் போய் விழும். பக்கத்தில் நிற்பவள்மேல் ஒரு துளி தெறிக்காது. பென்சன் எடுத்த பிறகும், சும்மா இருந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும் என்று மலைக்கு வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கொழுந்து எடுப்பாள். இளசுகளால்கூட அவளுக்கு ஈடுகொடுக்க முடியாது.

அவள் சிறுமியாக இருந்த காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் சாவு என்றால் பெரும்பாலும் குழந்தைச் சாவுதான். வயிற்றோட்டம், நெஞ்சுச் சளி, இல்லாவிட்டால் பிள்ளை பெறப் போய்த் திரும்பாத தாய். அவளுடைய அம்மா பெற்ற ஆறில் மூன்றுதான் தங்கின. பாப்பம்மா பெற்ற மூன்றும் மூன்றாகவே வளர்ந்தன. தடுப்பூசி வந்தது, பிரசவம் பார்க்கும் மருத்துவமாது லயம் லயமாக ஏறி வந்தார், மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கிய பிறகு பெரியவர்களைப் பிரசரும் சீனி வியாதியும் பிடித்துக்கொண்டன. இன்று உலகத்தில் ஆட்களை அதிகம் கொண்டுபோகும் நோய்களில் இருதய அடைப்பும் மூளை ரத்தக்குழாய் அடைப்பும் முன்வரிசையில் நிற்கின்றன என்பதெல்லாம் பாப்பம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: வாதம் அடித்தவருக்கு மூலையில் ஒரு சாக்கு.

அவளுடைய மாமியார் அந்தச் சாக்கில் மூன்று தீபாவளி கிடந்தாள். பாப்பம்மாதான் புரட்டிப் போட்டாள், கழுவினாள், கஞ்சியைக் கரண்டியால் ஊற்றினாள். ஒரு வேளை புரட்டாமல் விட்டால் முதுகில் புண் வைத்துவிடும். அந்தக் கை ஒருநாளாவது அசையும் என்று மாமியாரும் நினைக்கவில்லை, மருமகளும் நினைக்கவில்லை. இவ்வளவும் பார்த்தவள்தான், தலை சுற்றுவது நின்றுவிட்டது என்று சொல்லிப் பிரசருக்கு விழுங்கும் குளிசையை மாரியம்மன் திருவிழாவோடு நிறுத்தியிருந்தாள்.

வெற்றிலை போட்டு எழுந்து இரண்டு நிரை எடுத்திருப்பாள். இடக்கை கிள்ளிய கொழுந்து பைக்குள் போகாமல் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். கை எடுக்கவில்லை. தலைக்குள் வலி எதுவும் இல்லை. வலி இல்லாததால் பயமும் வரவில்லை. நிரையில் பின்தங்கியவளைப் பார்த்துக் கங்காணி செல்லப்பா என்னவென்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். வாயில் சொல் உருவாகாமல் குழைந்து வந்தது.

"வாயில இருக்குறத துப்பிட்டுப் பேசு கெழவி. மாடு அசை போடுற மாதிரி இருக்கு," என்றார் செல்லப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். அப்போது கடைவாயிலிருந்து சிவப்பாக ஒழுகி அவள் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. சுந்தரியின் சிரிப்பு நின்றது. இத்தனை வருஷத்தில் மதினி சட்டையில் ஒரு சொட்டு வெற்றிலைச் சாறு பட்டு அவள் பார்த்ததில்லை.

"மதினி, துப்புங்க."

துப்பியது அவள் நெஞ்சிலேயே விழுந்தது. சுந்தரி விரலை விட்டுக் கன்னத்தில் கிடந்ததைத் துப்புரவாக வழித்தெடுத்தாள். கன்னம் காலியாயிற்று. வாய் கோணலாகவே இருந்தது.

இதற்குள் கால் மடங்கிப் பாப்பம்மா உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு கை கிடந்தது. யாரோ தன்மேல் கையைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வலக்கையால் அதைத் தூக்கித் தள்ளினாள். அது தோளோடு வந்தது. அப்போதுதான் அது தன்னுடையது என்று புரிந்தது. மாமியார் கிடந்த மூலை கண்முன் வந்தது. லயத்துக் காம்பிரா அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள் என்று குழறினாள். கங்காணிக்கும் அதுவே சரியாகப் பட்டது. எண்ணெய் போட நாவலப்பிட்டியில் ஒரு கைராசிக்காரர் இருக்கிறார் என்று ஒருத்தி சொன்னாள்.

சுந்தரி கேட்கவில்லை. போன வருஷம் ஹேவாஹெட்டையில் அவளுடைய சொந்த அண்ணனுக்கு இப்படித்தான் ஆனது. எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாதம் வந்த உடனே கொண்டுவந்திருந்தால் போட ஒரு ஊசி இருந்தது, இப்போது நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் இன்னும் படுக்கையில்தான். அந்த ஊசியைச் சுந்தரி மறக்கவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் அடிக்க மலைக்குள் சிக்னல் இல்லை. நிறுவைக் கொட்டகைப் பக்கம் மரக்கறி இறக்கிக்கொண்டிருந்தது வியாபாரி ஷப்ராஸின் ஆட்டோ. படங்குச் சாக்கில் பாப்பம்மாவைக் கிடத்தி நான்கு பெண்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுவோமா என்று யாரோ கேட்டதற்கு, "அங்கயும் கண்டிக்குத்தான் அனுப்புவாங்க. வழியில நிக்க வாணாம், நேரா போவோம்," என்றான் ஷப்ராஸ். வத்தேகமைக்குப் போகும் வளைவுகளில் சுந்தரி மதினியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள், எச்சில் மூச்சுக்குழாயில் இறங்காமல் இருக்க.

"என்னப் பொரட்டிப் போட யாரு இருக்கா, சுந்தரி?" பாப்பம்மா குழறியதைச் சுந்தரி புரிந்துகொண்டாள்.

"நான் பொரட்ட மாட்டேன். நீங்களே எந்திரிச்சு நடங்க."

கண்டி பெரியாஸ்பத்திரியில் வாசலிலிருந்தே அவளைத் தள்ளுகட்டிலில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். சட்டையின் சிவப்பைக் கண்டு, ரத்தமோ என்று ஒருவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு வெற்றிலை என்று சொல்லிக் கழுவிவிட்டார். சிங்கள டாக்டர், இளம் பெண், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மஸீனா என்ற தாதி அதைத் தமிழில் கேட்டாள்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? சரியான நேரம் தெரியாட்டி ஊசி போட ஏலாது."

மலையில் யார் மணி பார்க்கிறார்கள்? சுந்தரி மடியை அவிழ்த்து அந்தப் பாதிப் பாக்கை எடுத்து நீட்டினாள்.

"பத்து மணி நிறுவை முடிஞ்ச ஒடனே இதை வெட்டுனாங்க. இடது கையில புடிச்சு வெட்டுனாங்க. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறந்தான் எல்லாம்."

டாக்டர் பாக்கை வாங்கிப் பார்த்தார். வெட்டு நேராக, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தாதியிடம் வேகமாக ஏதோ சொன்னார். கட்டில் மறுபடி ஓடியது.

தலையைப் படம் எடுத்துவிட்டு வந்து மஸீனா பாப்பம்மாவின் காதருகே குனிந்தாள். மூளையில் ரத்தம் கசியவில்லை, ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருக்கிறது. "அடைப்பைக் கரைக்க ஊசி ஈக்கிது அம்மா. சிலருக்கு அதாலயே தலைக்குள்ள ரத்தம் கசியும், உயிருக்கும் ஆபத்து வரலாம். போடவா?"

பாப்பம்மா வலப்பக்கம் நின்ற சுந்தரியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, கோணிய வாயால் தானே சொன்னாள்:

"போடுங்க."

மருந்து தண்ணீரைப் போலத்தான் இருந்தது. நிறமில்லை, மணமில்லை. குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கியது. மஸீனா அடிக்கடி வந்து பிரசர் பார்த்து, பெயர் கேட்டு, கையைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போனாள். முதல் தடவை கை கட்டிலிலேயே கிடந்தது. அடுத்த தடவையும் அப்படியே. சுந்தரி மாரியம்மனைக் கூப்பிடக்கூட மறந்து, அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பனிக்காலத்து விடியலில் ஈரக் கொழுந்து எடுத்துவிட்டு அடுப்பில் கை காட்டினால் எப்படி ஊறுமோ, அப்படி ஊறியது. பாப்பம்மாவின் இடக்கை விரல் நுனியில். சுட்டுவிரல் அசைந்தது. அவளாக அசைத்துப் பார்த்தாள். மறுபடியும் அசைந்தது. கட்டைவிரல் நகர்ந்து சுட்டுவிரலைத் தொட்டது, கொழுந்து கிள்ளுவதுபோல.

டாக்டர் வந்து இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். வலக்கை எழுந்தது. பின்னாலேயே இடக்கை நடுங்கிக்கொண்டு எழுந்து, விழாமல் அங்கேயே நின்றது. இதைத் தினமும் பார்க்கிற டாக்டர்கூட அடுத்த கட்டிலுக்குப் போக மறந்து நின்றார்.

பாப்பம்மா தூக்கிய கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அதே கறை படிந்த விரல்கள். மூன்று தீபாவளி சாக்கில் கிடந்த இன்னொரு கை நினைவுக்கு வந்தது. "எங்க மாமியாளுக்கு இந்த ஊசி இருந்துச்சா?" என்று கேட்டாள். சொல் தெளிவாக வந்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் இருக்கவில்லை என்றாள் மஸீனா. பாப்பம்மா வெகுநேரம் கையை இறக்கவில்லை.

மறுநாள் காலை, தண்ணீர் விழுங்கிப் பார்க்க வைத்த பிறகு, கொடுத்த பிரசர் குளிசையை வாயில் போட்டுக்கொண்டாள். இனி நிறுத்தினால் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று மஸீனா மிரட்டினாள். வெற்றிலையையும் விடச் சொன்னாள். பாப்பம்மா நாக்கால் இடது கன்னத்தைத் துழாவிக்கொண்டாள். இடது கால் இன்னும் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது, கட்டிலை விட்டு இறங்க அனுமதியில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் கூந்தலை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் நாவலப்பிட்டியிலிருந்து வந்த ஒருத்தி. எண்ணெய் தேய்த்து ஒருநாள் போன பிறகு கொண்டுவந்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து ஒரே பக்கமாகக் கிடந்தாள். பாப்பம்மா மஸீனாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மஸீனா அந்தப் பெண்ணைத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை வைத்து முடிக்கும்வரை, தன் கட்டிலில் இருந்தபடியே பாப்பம்மா இடக்கையை நீட்டி அவள் தோளைச் சரியாமல் பிடித்துக்கொண்டாள்.