அணைக்கட்டில் யாரும் நிற்கவில்லை

என் மனுசன் செத்த இடம் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன். குளத்து அணைக்கட்டு. பக்கத்தில் ஒரு மருதமரம். அதன் அடியில் சிங்கள ஆமி புதைத்தது. போன புரட்டாசி வரைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை.

இதைச் சொன்னவர் இயக்கத்தில் என் மனுசனுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். எங்கள் ஊர்தான். அண்ணை என்று கூப்பிடுவேன். அணைக்கட்டுச் சண்டையில் ஆட்களை நடத்தினது அண்ணைதான். என் மனுசன் விழுந்ததைக் கண்டேன் என்றார். விடிய ஆமி வந்து மருதமரத்தடியில் புதைத்ததை குளத்தின் அக்கரையில் நின்று கண்டேன் என்றார். அந்தச் சொல்லில்தான் தாலியைக் கழற்றினேன். கோயில் ஐயர் அந்த நாளுக்குத் திதி பார்த்துத் தந்தார். கார்த்திகையில் வரும். அன்றைக்குப் படையல் வைப்பேன். எங்கள் பக்கம் படையலில் மீனும் வைக்கிறது. அவருக்குப் பாரைக் குழம்பு விருப்பம். படைத்து முடிந்ததும் அண்ணைதான் முதல் ஆளாகச் சாப்பிட இருப்பார்.

சண்டைக்குப் பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அறையில் கூட இருந்தது குருநாகல் பெண்கள். சிங்களம் அவர்களிடம் பழகினது. திரும்பி வந்து ஈச்சிலம்பற்றில் றோட்டோரம் இடியப்பக் கடை போட்டேன். இன்றைக்கும் அதுதான்.

புரட்டாசியில் ஒரு காலை கடை வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. வயதான சிங்கள ஐயா ஒருவர் இறங்கிக் குளத்துக்கு வழி கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவருக்குச் சந்தோசம். கதிரையை இழுத்து இருந்துவிட்டார். ஆமியில் ஒபிசராக இருந்தாராம். அந்த அணைக்கட்டில் சண்டை பிடித்தாராம். அங்கே தன் பெடியள் செத்தார்களாம். பென்சன் எடுத்த பிறகு ஒருக்கால் பார்க்க வேணும் போல இருந்ததாம்.

அண்ணை பின் மேசையில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமல் எழும்பி வந்தார்.

"தங்கச்சி, ஆமியோ ஆள்?"

"ஓம். அணைக்கட்டில நிண்டவராம்."

"எந்தப் பக்கம் எண்டு கேள்."

கேட்டேன். மேற்குப் பக்கம் என்றார் ஆமி ஐயா.

"அப்ப எனக்குச் சுட்டவர் இவர்தான். சொல்லு."

சொன்னேன். ஆமி ஐயா அண்ணையின் வளைந்த இடக்கையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. இதுவும் தன் வேலையோ என்று கேட்டார்.

"இல்லை இல்லை. இது வேற இடம். அதுக்கு வேற ஆள்" என்றார் அண்ணை.

அதில் சிரிப்புத் தொடங்கியது. ஆமி ஐயாவுக்குத் தெரிந்த தமிழ் சோதனைச் சாவடித் தமிழ். நில், இறங்கு, ஐசி எங்கே. அண்ணைக்குத் தெரிந்த சிங்களம் சண்டை முடிந்து ஆமி அடைத்து வைத்த புனர்வாழ்வு முகாமில் பழகினது. வரிசையில் நில், கையெழுத்துப் போடு. இதை ஆளுக்காள் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். மிச்சம் எல்லாம் என் வாயால்தான் போக வேண்டியிருந்தது.

மேசையில் சண்டையை விரித்தார்கள். சம்பல் கோப்பை குளம். இடியப்பத் தட்டுகளை வரிசையாக வைத்து அணைக்கட்டு. சீனிப் போத்தல் மருதமரம்.

"சீனிப் போத்தல் எனக்கு வேணும் அண்ணை. சனம் நிக்குது."

"பொறு பிள்ளை. சண்டை முடியட்டும்."

ஆமி ஐயா விரலை வைத்துச் சொன்னார். பொழுதுபட மழை பிடித்தது. கண் தெரியவில்லை. மிஞ்சின ஆட்களை எடுத்துக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டார். அணைக்கட்டு புலிகள் கையில் போய்விட்டது என்று மேலிடத்துக்கு அறிவித்தார்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அண்ணை தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன கதை இது? நீங்கள் பிடிச்சிட்டீங்கள் எண்டெல்லோ நாங்கள் விட்டிட்டுப் போனது. மழையோட மழையா ஆத்தைக் கடந்திட்டம்."

அதையும் சிங்களத்தில் சொன்னேன். ஆமி ஐயா மேசையில் அடித்துச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். அன்றிரவு அணைக்கட்டில் ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது.

நான் சிரிக்கவில்லை. எனக்கு விளங்க நேரம் எடுத்தது. ஆமி பின்னுக்குப் போயிருந்தால் விடிய வந்து புதைத்தது யார்? அண்ணை மழையிலேயே ஆற்றைக் கடந்து போயிருந்தால் விடியக் குளத்தின் அக்கரையில் நின்று பார்த்தது யார்?

"அண்ணை, மரத்தடியில புதைச்சதைக் கண்டனான் எண்டீங்களே."

அண்ணையின் சிரிப்பு நின்றது.

என்ன கதைக்கிறோம் என்று ஆமி ஐயா கேட்டார். இன்னும் இடியப்பம் வேணுமா என்று கேட்டதாகச் சொன்னேன். பிறகு அவரிடமும் கேட்டேன். அந்த மரத்தடியில் யாரையாவது புதைத்தீர்களா?

நாங்கள் மரத்தடிக்கு வரவே இல்லை என்றார். பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியாது. ஏன் கேட்கிறீர்கள்?

"என் மனுசன் அதிலே நின்றவர்" என்றேன்.

அவர் கையை மேசையிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். செத்தவர்களும் இருக்கிறார்கள். காயத்தோடு பிடிபட்டவர்களும் இருக்கிறார்கள். ஓடித் தப்பினவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மனுசன் இதில் யார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது அம்மா.

இதை நான் தமிழில் சொல்லவில்லை. அண்ணையும் கேட்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் காரில் குளத்துக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கடை இருக்குது என்றேன். பின்னேரம் அண்ணை தனியே வந்து வாசலில் நின்றார்.

"அவன் விழுந்ததைக் கண்டது உண்மை. பிறகு எழும்பினவனோ இல்லையோ எனக்குத் தெரியாது. மழை."

"அப்ப ஏன் சொன்னீங்கள்?"

"நீ கேட்டாய். ஆமிக் காம்ப் காம்பாப் போய் நிண்டு கேட்டாய். உன்ர மாமி சாப்பிடாமல் கிடந்தவ. ஏதும் சொல்லத்தானே வேணும்."

எனக்குக் கோபம் வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. அண்ணை சொல்லியிராவிட்டால் நான் குவைத்துக்குப் போயிருக்க மாட்டேன். காணாமல் போனவர்களின் பெண்களோடு றோட்டில் அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அவரைப் பெற்ற மாமி அந்தச் சொல்லோடு ஆறிக் கண்ணை மூடினா. ஆனால் நான் பொட்டை அழித்தது யாருக்காக? உயிரோடு இருக்கிற ஆளுக்குப் படையல் வைப்பது கூடாத காரியம். செத்தவருக்கு வைக்காமல் விடுவதும் கூடாது. கோயில் ஐயரிடம் கேட்கப் போய் வாசலோடு திரும்பிவிட்டேன். நாள் சொன்னால்தான் அவர் திதி பார்ப்பார். என்னிடம் நாள் இல்லை.

கார்த்திகை வந்தது. அந்தத் திதியும் வந்தது. காலையில் கடையைத் திறக்கவா பூட்டவா என்று நின்றேன். பூட்டினேன். பாரை மீன் வாங்கினேன். சமைத்தேன். சமைத்து முடிந்த பிறகுதான் அடுத்த குழப்பம். அவருடைய படத்தை வெளியில் எடுத்தேன். திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன். கற்பூரம் கொளுத்தவில்லை. இலையை மட்டும் போட்டேன்.

அண்ணை வேலிப் படலையில் நின்றார். உள்ளே வரவில்லை.

"வாங்கோ" என்றேன்.

வந்தார். இலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். படம் இல்லை.

"தங்கச்சி, இது படையலோ, சும்மாச் சாப்பாடோ?"

"தெரியாது. இருங்கோ."

இருந்தார். சோறு போட்டேன். குழம்பை விட்டேன். அவர் கை வைக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு இலை எடுத்து எனக்கும் போட்டுக்கொண்டு, நான் முதலில் சாப்பிடத் தொடங்கினேன்.