கோட்டுக்குள் நாற்பத்தேழு சொற்கள்

அந்தத் தெருவில் டெய்லர் என்றால் அவர் ஒருவர்தான். முன்னறையில் கடை, பின்னறையில் குடும்பம். காலையில் வாயில் பத்துப் பதினைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டாரென்றால் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பார். யார் என்ன கேட்டாலும் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் "ம்ஹூம்". இந்த இரண்டு ஒலியை வைத்துக்கொண்டே ஆறு வருஷக் கல்யாண வாழ்க்கையைச் சண்டையில்லாமல் ஓட்டிவிட்டார் என்று மனைவி பார்ப்பவரிடமெல்லாம் சொல்லுவாள். அது பெருமையா புகாரா என்று கேட்பவர்களுக்குப் பிடிபடாது.

மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. ஒல்லியாக இருந்ததால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அம்மா, பூ, பால் என்று எண்ணி ஐந்து சொல்தான் அவள் வாயில் வந்தது.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் இரண்டு படங்களை அவள் முன் வைத்து, "பந்து எங்க?" என்றார். குண்டூசியின் கண் பந்துக்குப் போனது. "நாய் எங்க?" கண் நாய்க்குப் போனது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"காது நல்லா கேக்குது, புரியவும் செய்யுது. பேச்சுதான் வரல. வீட்ல பேசுவீங்கல்ல?"

"நான் பேசுவேன் சிஸ்டர்," என்றாள் மனைவி. "இவர் வாயில எப்பவும் ஊசி."

டெய்லரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்னாலதானா சிஸ்டர்?"

"உங்களால இல்ல. சில பிள்ளைங்க லேட்டாதான் ஆரம்பிக்கும். ஆனா நீங்களும் பேசினா அவளுக்கு நல்லது. அவ எதைப் பாக்குறாளோ அதைப் பத்திப் பேசுங்க. பேசிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்க, அவளுக்கும் இடம் வேணுமே. ரெண்டு வயசுல கூட்டிட்டு வாங்க. ஐம்பது சொல்லாவது வந்திருக்கணும், இல்ல ரெண்டு சொல்லைச் சேர்த்துப் பேசணும். ரெண்டும் இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவேன். அவ சொல்றதையெல்லாம் எழுதி வைங்க. இங்க வந்தா பிள்ளைங்க வாயே திறக்காதுங்க."

மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. பெரிய ஆஸ்பத்திரி மட்டும் டெய்லரின் காதில் நின்றது.

அன்றே மணிக்கட்டில் ஒரு பஞ்சு மெத்தையைக் கட்டி ஊசிகளை அதில் குடியேற்றினார். வாய் காலியானது. முதல் இரண்டு நாள், மேசை, நாற்காலி, ஜன்னல் என்று ஆஜர்ப் பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தார். குண்டூசி மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். பிறகுதான் நர்ஸ் சொன்னது உறைத்தது. அவள் நூல்கண்டைப் பார்த்தால் நூலைப் பற்றிப் பேசினார். எறும்பைப் பார்த்தால், அளவெடுக்க வந்தவரை நிற்க வைத்துவிட்டு எறும்பைப் பற்றிப் பேசினார். பேசி முடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒருநாள் "கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்க வாயெடுத்தார். "கத்" என்பதற்குள் அவள் கண் கத்தரிக்கோலுக்கு ஓடிவிட்டது. சோதித்துப் பார்க்க "நூ" என்று மட்டும் சொன்னார். கண் நூல்கண்டில் நின்றது.

"ஏய், இங்க வாயேன்! நான் பாதி சொல்றதுக்குள்ள இவ அங்க போய் நிக்குறா!"

"உங்ககிட்டேர்ந்து பாதிதான் வரும்னு தெரிஞ்சு வச்சிருக்கா," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அதற்குப் பிறகு சொற்கள் வர ஆரம்பித்தன. முதலில் தூறல், அப்புறம் கொட்டோ கொட்டென்று கொட்டல். பொத்தான் 'பித்தா' ஆனது. தட்டு பித்தா, நிலா பித்தா, கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரின் வழுக்கைத் தலையும் பித்தா. டெய்லர் ஒவ்வொன்றையும் கையில் கிடைத்த தாளில் கிறுக்கினார். இரண்டாவது பிறந்தநாளுக்குள் பெட்டி நிறையத் துண்டுச் சீட்டுகள்.

அவற்றை அழகாக வரிசைப்படுத்த நினைத்தபோது எதிரே விரித்துக் கிடந்தது, எதிர்த்தெரு இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜரின் கோட்டுக்கு வெட்டிய கறுப்பு உள்துணி. கரும்பலகை தோற்றுப்போகும். அதன் பின்பக்கத்தில் சாக்குக்கட்டியால் எல்லாச் சொற்களையும் எழுதினார். சாப்பிட்டுவிட்டு நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சீட்டுகளைக் கிழித்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன். "யோவ் டெய்லர், நாளைக்குக் காலையில கோட்டு வேணும்யா, எனக்குப் பாராட்டு விழா!" டெய்லர் மகளோடு பேசிக்கொண்டே தைத்தார். பேசிக்கொண்டே ராத்திரியே கொடுத்தும் அனுப்பினார்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் குண்டூசி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தவள் நிமிரவேயில்லை.

"பரவால்ல. லிஸ்ட் எங்க?" என்றார் நர்ஸ்.

டெய்லர் சட்டைப்பையைத் தடவினார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "கோட்டுக்குள்ள, சிஸ்டர்."

"கோட்டு எங்க?"

"மேனேஜருக்குள்ள... இல்ல, மேனேஜர் கோட்டுக்குள்ள!"

சொல்லிவிட்டு ஓடினார். பத்து நிமிஷத்தில் மேனேஜரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"கழட்டிக் குடுங்க சார், ரெண்டே நிமிஷம்."

"மாட்டேன்யா!" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள சட்டை முதுகுல இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை இருக்கு. இந்தக் கோட்டை நம்பித்தான் அதைப் போட்டிருக்கேன்."

"அப்ப திரும்பி நில்லுங்க சார். ஆடாதீங்க."

டெய்லர் மண்டியிட்டார். மணிக்கட்டு ஊசி ஒன்றால் கோட்டின் அடித்தையலைச் சரசரவென்று பிரித்தார். நர்ஸ் டார்ச்சோடு குனிந்து உள்துணியைத் தூக்கிப் பார்த்தார். வரிசையில் இருந்த தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சூழ்ந்துவிட்டார்கள்.

"எறும்பு, நூலு, பித்தா... பித்தான்னா?"

"பொத்தான் சிஸ்டர். சேருமா?"

"ஒரே பொருளுக்கு எப்பவும் அதையே சொன்னா அதுவும் சொல்லுதான்." நர்ஸ் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய் நிமிர்ந்தார். "நாற்பத்தேழு."

டெய்லருக்கு உயிரே போய்விட்டது. "மொத்தம் அம்பத்திரண்டு சிஸ்டர்! மீதி அஞ்சு... இடது கையில இருக்கணும்."

"கையையும் பிரிக்கப் போறியா?" மேனேஜர் துள்ளினார். துள்ளிய வேகத்தில் பிரித்த தையல் வழியாகச் சாக்குத்தூள் மொத்தமும் அவருடைய கறுப்புக் கால்சட்டையில் கொட்டியது.

அம்மாவின் தோளிலிருந்து ஒரு தலை மெல்ல எழுந்தது. குண்டூசி மேனேஜரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். விரலை நீட்டினாள்.

"தாத்தா அயுக்கு!"



"தாத்தாவா?" என்றார் மேனேஜர். "எனக்கு நாற்பத்தெட்டுதாம்மா ஆகுது!"

"ரெண்டு சொல்லு!" டெய்லர் மண்டியிட்ட இடத்திலிருந்தே கத்தினார். "சிஸ்டர், சேர்த்துச் சொல்லிட்டா! அழுக்குங்கிறது லிஸ்ட்லயே கிடையாது, புதுசு!"

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் தாளில் எழுதினார். "பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். அவரோட கையை விட்டுடுங்க."

எல்லோரும் சிரிப்பதைக் கண்டதும் குண்டூசிக்கு உற்சாகம் தலைக்கேறியது. தோளிலிருந்து நழுவி இறங்கி, வரிசை நெடுகத் தத்தித் தத்தி நடந்து, ஆள் ஆளாய் நின்று பார்த்துத் தீர்ப்பு வழங்கினாள்.

"அத்த அயுக்கு. பாப்பா அயுக்கு. மாமா அயுக்கு."

டெய்லர் பின்னாலேயே தவழ்ந்து, "இதுவும் கணக்குதானே சிஸ்டர்? இதுவும்?" என்று கேட்டுக்கொண்டே போனார்.