கள்ளுக்கடை வாசலில் பொங்கிய வெள்ளை ஒயின்

கள்ளுக்கடை வாசலில் கைகூப்பி நின்று, போகிற வருகிற ஆண்களையெல்லாம் குடிக்காதீர்கள் என்று கெஞ்சுவது என் காலை வேலை. வீட்டுக்கு வந்து ஜாடியில் ஒயின் போடுவது மத்தியான வேலை. இரண்டுக்கும் நடுவே எனக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

மறியல் மும்முரமாக நடந்த முப்பதுகளின் தொடக்கம் அது. சாந்தோமில் எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது முறுக்குச் சுடுவது போல ஒரு பண்டிகைக் காரியம். கள் என்றால் குடி. ஒயின் என்றால் பண்டிகை. கதர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

வினை என் வாயால் வந்தது. தங்கையைப் பெண் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சாது, அவர் அப்பாதான் மீசையை நீவிக்கொண்டே பேசுகிற ஆள். "எங்க ஊர்ல வெள்ளை ஒயின் இல்லாம நிச்சயதார்த்தம் கிடையாது. மெட்ராஸ்ல அதுக்கெல்லாம் எங்க போவீங்க? கருப்பா ஒரு சாயம் காய்ச்சுவீங்க, அவ்வளவுதானே" என்றார்.

"வெள்ளை ஒயினா? நாங்க வீட்டுலயே போடுவோமே" என்றேன் நான்.

எங்கள் வம்சத்தில் ஒருவரும் அதுவரை வெள்ளை ஒயின் போட்டதில்லை. அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார். வந்தவர்கள் போனதும் தங்கை அழுதாள். "அக்கா, நீ விட்ட புளுகுக்கு நான் காலம் பூரா அந்த வூட்ல பதில் சொல்லணும்" என்றாள். நிச்சயதார்த்தத்துக்கு நாற்பது நாள் இருந்தது. மவுண்ட் ரோடில் சீமைப் பாட்டில் கிடைக்கும். நாலு பாட்டில் வாங்கினால் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது தவளையின் தங்கை.

நான் விடுவேனா? கொத்தவால் சாவடிக்குப் போய் மதுரைப் பக்கத்துப் பன்னீர் திராட்சை ஒரு கூடை வாங்கி வந்தேன். பார்க்கக் கருகருவென்று இருக்கும். ஆனால் ஒன்றைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே சதை வெளிறிப்போய்த்தான் இருக்கும். சிவப்பெல்லாம் தோலில். நாங்கள் வழக்கமாகத் தோலோடு நசுக்கி ஊறப்போடுவதால்தான் ஒயின் சிவந்தது. தோலை ஊறவிடாமல் உடனே பிழிந்து எடுத்துவிட்டால் சாறு வெள்ளைதானே? வாசனையோ அந்தப் பழத்துக்குப் பிறவியிலேயே உண்டு; கூடத்தில் கூடையை வைத்தாலே கல்யாண வீடு மணக்கும்.

துணியில் மூட்டை கட்டி, முறுக்கிக் கசக்காமல் மெல்ல அழுத்திப் பிழிந்தேன். இளநீரில் ஒரு துளி தேன் விட்ட நிறத்தில் சாறு இறங்கியது. துள்ளிக் குதித்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஊரில் காலரா பயம். காய்ச்சாமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காத காலம். பாலைக் காய்ச்சுகிறோம், தண்ணீரைக் காய்ச்சுகிறோம், இதை மட்டும் விடுவானேன் என்று சாற்றையும் அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, சர்க்கரை போட்டு ஜாடியில் ஊற்றினேன்.

நாலு நாள் ஆயிற்று. ஜாடி பொங்கவில்லை. நுரை இல்லை, முனகல் இல்லை. காதை வைத்துக் கேட்டால் என் காது இரைச்சல்தான் கேட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. பழத்தோல்மேல் சாம்பல் பூத்தது போல இருக்கிறதே, அதுதான் சாற்றைப் பொங்கவைப்பது. அதைத் தோலோடு வீசிவிட்டேன். ஒட்டியிருந்த மிச்சத்தையும் கொதிக்கவைத்துக் கொன்றுவிட்டேன். பாலுக்கு உறை ஊற்றுவது போல இதற்கும் ஏதாவது உறை வேண்டும். ஆப்ப மாவைப் பொங்கவைப்பது எது? கள்.

ஆப்பக்காரியிடம் ஓடினேன். அவள் கரண்டியை ஓங்கினாள். "நீ வாசல்ல நிக்கச் சொல்லோ நான் எப்டி கள்ளு வாங்குவேன்? ஆப்பம் அட்ட மாதிரி கீது. போ, போ" என்று விரட்டினாள்.

மறுநாள் மறியலில் நிற்கும்போது என் கண்ணெல்லாம் கடைக்குள்ளேயே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எந்தக் குடிகாரனும் அந்தக் கதவை அப்படிப் பார்த்திருக்க மாட்டான். கதர்ச் சேலையோடு நானே உள்ளே போக முடியாது. அப்போதுதான் அவன் வந்தான். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவளின் புருஷன், கட்டுமரக்காரன். "நீ கும்புட்டா அந்தாளு தாண்டிப் போமாட்டாருக்கா" என்று அவள் என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்படியே கும்பிட்டுக் கும்பிட்டு, பன்னிரண்டு நாளாக அவனைத் திருப்பி அனுப்பியிருந்தேன். இப்போதெல்லாம் அவன் குடிக்க வருவதில்லை. திரும்பிப் போவதற்காகவே வந்து ஒரு கும்பிடு வாங்கிக்கொண்டு போவான்.

ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிப் பித்தளைச் செம்பை நீட்டினேன்.

"இன்னாக்கா, நேத்துவரிக்கும் போவாதன்னு கும்புட்ட. இன்னிக்கி வாங்கியாரச் சொல்ற?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "வாணாம்க்கா. நான் உள்ள போனா வெளிய வரமாட்டேன்."

"செம்பைப் பாத்துக்கினே போ, செம்பைப் பாத்துக்கினே வா. என் தங்கச்சி கல்யாணம்ப்பா."

போனான். நான் ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடித்தேன். ஆள் வரவில்லை. இரண்டாவது சொன்னேன். மூன்றாவதில் பாதியில் வந்தான். செம்பு நிறைய நுரை. "ஒரு சொட்டு தொடல. மோந்துதான் பாத்தேன். கையப் பாருக்கா" என்று வலது கையை நீட்டினான். அது நடுங்கியது. நான் கையை எங்கே பார்த்தேன்? செம்பை வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஒரு கரண்டிதான் ஊற்றினேன். மறுநாள் காலை ஜாடி முனகியது. மத்தியானம் வேடு கட்டிய துணி உப்பியது. சூட்டில் வாசனை ஓடிவிடாதபடி ஜாடியை ஈர மணலில் புதைத்து வைத்தேன். பொங்கி அடங்கியதும், அடியில் தங்கிய மண்டியைக் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் இறுத்து, இன்னொரு ஜாடியில் விட்டு வாயை மெழுகால் அடைத்தேன்.

நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடிக் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். மீசை அசையவில்லை. "பன்னீர் தெளிச்சாப்ல இருக்கே! இன்னொரு கிளாஸ் கொண்டாம்மா" என்றார். தங்கை மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அது முத்தம் கொடுத்த மாதிரி.

தலைகால் புரியவில்லை எனக்கு. கொல்லைக் கதவில் விருந்துக்கு வஞ்சிரம் கொண்டு வந்து நின்றிருந்தார்கள் கட்டுமரக்காரனும் அவன் பெண்சாதியும். ஒரு கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டு ஓடினேன். "உன்னாலதாம்ப்பா பொங்கிச்சு! இந்தா, ஒரு வாய் குடி."

அவன் கூடையை இறக்கினான். இரண்டு கையையும் கூப்பினான். தலையை நான் சாய்ப்பது போலவே சாய்த்து, என் குரலிலேயே ஆரம்பித்தான்: "ஐயா, உங்க காலத் தொட்டுக் கும்பிடறேன். புள்ள குட்டிங்கள நெனச்சுப் பாருங்க. இந்த ஒரு நாள் திரும்பிப் போயிடுங்க." மறியலில் நான் சொல்லும் பாடம், ஓர் எழுத்துத் தவறவில்லை. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கிளாஸை வாங்கித் துணி துவைக்கும் கல்மேல் நிதானமாகக் கவிழ்த்தாள். கொல்லையெல்லாம் பன்னீர் மணத்தது.

"அந்தாளு குடிக்காம இன்னியோட நாப்பத்தாறு நாளுக்கா" என்றாள். "நீ மறந்துட்ட. நான் எண்ணிக்கினு கீறேன்."