கடல் பக்கச் சுவர்

இன்று மதியம் வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பழவேற்காட்டில் எங்கள் வீட்டைக் கட்டிய இஞ்சினியர்.

எண்பதுகளில் புயல் குடிசையைக் கொண்டுபோன பிறகு அவர் கட்டிய முதல் வீடு இது. காற்று வருவதற்காகக் கடல் பக்கச் சுவர் முழுக்கப் பொத்தல் வைத்தார்.

"இன்னா சார், வீடா இது, மீன் கூடையா? காத்துல அடுப்பு நெருப்பே நிக்கலையே!" என்று என் சம்சாரம் கிழிந்த படகுப் பாயைத் திணித்து அடைத்தாள். சித்திரை வெயிலில் அவளே பிடுங்கிப்போட்டாள்.

பிறகு அவர் சென்னையில் கரண்டு அதிகம் இழுக்காத பெரிய கட்டடங்கள் கட்டிப் பேர் வாங்கினாராம்.

"வீட்டுக்காரம்மா எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே இன்று உள்ளே வந்தார்.

"போய்ட்டா சார். கடைசி வரிக்கும் அந்தச் செவுத்தாண்டதான் படுத்துக்கினு இருந்தா."

அவள் இடத்தில் போய்ப் படுத்தார். பொத்தல் வழியே வந்த காற்றில் தூங்கிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து, பொத்தலை அடைத்து ஏசி மாட்ட என் மகன் அனுப்பிய ஆள் சிமெண்டோடு வந்தான்.

"சார் எழுந்துக்கட்டும், குந்து நைனா" என்றேன். சுவரோரம் உட்கார்ந்தவன், இப்போது அவனும் குறட்டை.

இருவரையும் எழுப்பிவிடாமல் போனிடம் மெல்லப் பேசி, அதையே எழுதவைத்து இந்தப் பதிவைப் போடுகிறேன். மகனுக்கு இன்னா சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.